முதல் கியரில் உறங்கியவள்

பூதப்பாண்டியிலிருந்து கீரிப்பாறைக்குப் போகிற சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சாஸ்தா கோவில் உண்டு. ஓடு போட்ட சின்னக் கோவில். பக்கத்தில் ஒரு புளியமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. மலைக்குப் பாரம் ஏற்றிப் போகிற லாரிகள் அங்கே நின்றுதான் போகும். ஓட்டுநர் இறங்கி வெடி வழிபாட்டுக்குச் சீட்டு வாங்குவார். வெடிக்காரர் இரும்புக் குழாயில் மருந்தை இடித்துத் திணித்து, நீளமான கம்பின் நுனியில் தீ வைத்துப் பற்றவைப்பார். அந்தச் சத்தத்தில் புளியமரத்துக் காகங்கள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பும். வெடி போட்டுவிட்டுப் போனால் வண்டி பாதி வழியில் நிற்காது என்பது அங்குள்ள நம்பிக்கை.

என் கணவர் அந்த வெடியைத் தவறவிட்டதே இல்லை. ஆனால் அந்த நிறுத்தத்தில் பாதிதான் சாமிக்கு, மீதி வண்டிக்கு என்று அவரே சொல்வார். வெடி முடிவதற்குள் எஞ்சின் சூடு கொஞ்சம் தணிந்துவிடும். அவர் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவார். ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். காற்று சரியாக இருக்கிற டயர் ஒரு மாதிரி பதில் சொல்லும், குறைந்த டயர் வேறு மாதிரி. அவர் குனிந்து பார்க்கவே மாட்டார். தட்டுவார், தலையைச் சாய்ப்பார், அடுத்ததற்குப் போவார்.

எங்கள் கல்யாணம் சுனாமிக்கு அடுத்த வருடம். அப்போது அவர் கடற்கரையில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்குச் செங்கல் கொண்டு போய்க்கொண்டிருந்தார். அது சமதளம். அந்த வேலை முடிந்த பிறகுதான் மலை லோடு வந்தது. கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பு கட்டினார்கள். முதலில் செங்கல், பிறகு சிமெண்ட், அது முடிந்தபின் உரம் என்று ஏதோ ஒன்று வருடக்கணக்காக மேலே போய்க்கொண்டே இருந்தது.

நான் பி.எஸ்.சி. இயற்பியல் படித்தவள். பிள்ளை உண்டாகும் வரை ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். சாய்தளம் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். ஒரு முக்கோணம், அதன் மேல் ஒரு சதுரம், கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அந்தச் சதுரத்துக்குள் உட்கார்ந்து மலை ஏறுவேன் என்று நினைத்ததில்லை.

ஏற வைத்தவள் என் மகள். பிறந்து மூன்று மாதம் வரை அவள் இரவும் பகலும் அழுதாள். வயிற்று வலி என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள். ஓம வாட்டர் கொடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். தொட்டில் ஆட்டி ஆட்டி என் கை மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் காலையில் அவர் லோடு ஏற்றிய வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுக் கட்டன்சாயா குடிக்க வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா அவள் அழுகையை மாற்றலாமே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேபினில் ஏறினேன்.

லாரியில் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் எஞ்சினை மூடிய மேடு ஒன்று இருக்கும். பேனட் என்பார்கள். அதன்மேல் ஒரு சாக்கும் அதற்கு மேல் ஒரு கம்பளியும் விரித்திருந்தது. அவளை அதில் கிடத்தினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அழுகை நின்றது. கைகள் இரண்டும் விரிந்து கம்பளியில் பதிந்தன. கண்கள் செருகின.

"ஏட்டி, இங்க பாரு, ஒறங்குது!" என்றார் அவர். மூன்று மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. "எனக்க வண்டிய தாலாட்டுன்னு நெனச்சுட்டு."

அன்றே நானும் வண்டியில் போனேன். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள், சில வாரங்களில் நான்கு நாள். கிளீனர் வேலைக்கு ஆள் கிடைக்காத காலம். பையன்கள் எல்லாரும் கேரளாவுக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டிருந்தார்கள். அதனால் பக்கத்து இருக்கை எனக்கு எப்போதும் காலியாகவே இருந்தது. இருக்கைக்கு அடியில் ஒரு மரக்கட்டை கிடக்கும். ஏற்றத்தில் வண்டி நின்று பின்னால் உருண்டால், குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் வைக்கவேண்டிய கட்டை. "அது ஒனக்குள்ள சோலி, கேட்டியா" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்ததும் காலால் துழாவி அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். கோவிலைத் தாண்டியதும் இன்னொரு முறை.

"இப்பந்தானட்டி பாத்த?"

"இருக்குதான்னு பாத்தேன்."

"கட்டைக்கு காலு மொளச்சு எறங்கி போயிரும் பாரு."

கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள் நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்புவேன். அவர் அதைக் கேலி செய்துகொண்டேதான் மலை ஏறுவதைப் பற்றி எனக்குச் சொல்வார். "மனசு மாறுகவங்களுக்கு இது ஒத்து வராது மக்கா. ஏற்றம் தொடங்குகதுக்கு முன்னாடியே கியர எடுத்துரணும். எடுத்தா, மேல போவது வரைக்கும் அதுதான். நடுவுல மாத்துகேன்னு கிளட்ச மிதிச்சா, அந்த ஒரு நொடி வண்டிய பிடிக்க ஆளில்ல. லோடு கீழ இழுக்கும்."

அவர் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கவே மாட்டார். மிதித்தால் கரும்புகை வரும், புகை என்றால் எரியாத டீசல், அது மலைக்கும் இல்லை உனக்கும் இல்லை என்பார். பல ஓட்டுநர்கள் தரை சமமான இடத்தில் வேகமெடுத்து அந்த வேகத்திலேயே முதல் வளைவை ஏறிவிடப் பார்ப்பார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். கோவிலடியிலேயே முதல் கியரைப் போட்டு, மாட்டை நடத்துகிறதுபோல நடத்திக்கொண்டு போவார். நடந்து போகிறவர்கள்கூடச் சில இடத்தில் எங்களை முந்துவார்கள். ரப்பர் பால் எடுக்கப் போகிற பெண்கள் வாளியோடு பக்கத்தில் நடந்துகொண்டே, "என்ன டிரைவரே, தள்ளி விடணுமா?" என்று கேட்பார்கள். "தள்ளுனா ஒங்க வாளியும் சேத்து ஏத்திக்கிடுகேன்" என்பார். ஆனால் அவருடைய வண்டி ஒரு தடவைகூட வழியில் கொதித்து நின்றதில்லை. மற்றவர்களைவிடக் குறைந்த டீசலில் போய் வருவார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். எந்த இடத்தில் எவ்வளவு மிதிக்கவேண்டும் என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? மீட்டரில் பாதி முள் வேலை செய்யாது.

"பாக்கது என்னத்த? கேக்கணும். எஞ்சின் சத்தம் லேசா எறங்கும், முள்ளு எறங்குகதுக்கு முன்னாடியே எறங்கும். அப்ப ஒரு இழை மிதி. சத்தம் தெளிஞ்சா விடு. காதுதான் ஓட்டுது, காலு சும்மா கூட போவுது."

அப்படி எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும் ஏற்றத்தின் இருபத்தைந்து நிமிடமும் என் மகள் பேனட் மேல் உறங்குவாள். நானும் அவரும் பேசவேண்டுமானால் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தவேண்டும். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் எனக்குக் காது இரைந்துகொண்டே இருக்கும். அவள் மட்டும் வாயைப் பிளந்து, நெற்றியில் வேர்வை முத்துக்களோடு உறங்குவாள். எஸ்டேட்டில் இறக்குகிற ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "வேய், ஒம்ம பிள்ள மலைக்கு பெறந்த பிள்ள" என்பார் ஒருவர். கோவிலில் வெடி போட்டபோதுகூட அவள் கண்ணைத் திறந்ததில்லை. வெடிக்காரர் அதை எல்லா ஓட்டுநர்களிடமும் சொல்லிச் சொல்லி, அவளைப் பார்க்கவென்றே ஆட்கள் வண்டியருகே வர ஆரம்பித்தார்கள். ஒருவர் சாஸ்தாவின் அருள் என்று அவள் நெற்றியில் திருநீறு பூசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "ம்ம்ம்" என்று ஒரு ஓசை, உதட்டை ஒட்டிப் பிரிப்பாள். நான் அதை அம்மா என்று எடுத்துக்கொண்டேன். என் மாமியார், "இவளுக்க அப்பன் மூணு வயசுலதான் வாய தொறந்தான், இப்ப மூட மாட்டங்கான்" என்றார். எனக்குள் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. படித்தவள் இல்லையா, ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து விளையாடும்போது, பின்னால் போய் நின்று எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கீழே போட்டேன். அவள் உடனே திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். இரண்டு நாள் கழித்துச் சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன். மறுபடியும் திரும்பினாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஒலி திடப்பொருளில் காற்றைவிட வேகமாகப் பரவும் என்று ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்தவள் நான். மேசையின் ஒரு முனையில் தட்டி, மறுமுனையில் மாணவர்களைக் காது வைக்கச் சொன்னவள். தரை அதிர்ந்ததால்தான் அவள் திரும்பினாள் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

தெரிந்தது கோவிலில்தான். அவளுக்கு அப்போது இரண்டு வயது எட்டு மாதம். அதற்குள் அவள் பகலில் உறங்குவது குறைந்து, பேனட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவாள். அன்று அவர் டயர்களைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றேன். அவள் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெண், கைக்குழந்தையோடு. வெடிக்காரர் எங்களுக்கு முதுகுப்பக்கம் எங்கோ இருந்தார். பற்றவைக்கப் போகிறார் என்று நான் கவனிக்கவில்லை.

வெடித்தது. என் உடம்பு தூக்கிப்போட்டது. அந்தக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. காகங்கள் எழும்பின. என் மகள் சங்கிலியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வெடி வந்த பக்கம் பார்க்கவில்லை. அம்மா ஏன் குதித்தாள் என்று பார்த்தாள். பிறகு, நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். இன்னொரு முறை குதி என்பதுபோல இடுப்பில் எம்பினாள்.

அவர் கம்பியோடு வந்து, "ஏறு, போவோம்" என்றார். நான் ஏறினேன். மலை முழுவதும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றத்தில் அவர் காது எஞ்சினில் இருக்கவேண்டும். மேலே போய், செங்கல் இறக்கி, காலி வண்டியில் இறங்கும்போதும் சொல்லவில்லை. வீட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ஒனக்கு எப்பவும் இதே சோலி" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. அதற்குள் அவளுக்கு வண்ண வளையங்கள் கொடுத்து உட்கார வைத்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஏதேதோ சத்தம் கொடுக்கிறார்கள் என்று பெட்டியில் எரிகிற விளக்குகளை வைத்துத் தெரிந்தது. அவள் சிவப்பு வளையத்துக்கு மேல் மஞ்சள் வளையத்தை வைத்தாள். அதன்மேல் பச்சையை வைத்தாள். ஒரு முறைகூட நிமிரவில்லை. எல்லா வளையங்களையும் அடுக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கை தட்டினாள்.

டாக்டர் வயதான அம்மா, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினார். பிறவியிலேயே நரம்பில் உள்ள குறை என்றார். ஆபரேஷன் இந்தக் காதுக்கு ஒத்து வராது, மெஷின் வைக்கலாம், அதில் மிகப் பெரிய சத்தங்கள் மட்டும் எட்டும், பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றார். "கொறச்சு நேரத்தே வந்நிருந்தா நல்லதாயிருந்நு மோளே" என்றார், கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று. குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

"லாரியில கொண்டு போனதாலயா, டாக்டர்? எஞ்சினுக்கு மேலயே கிடத்தியிருந்தோம்."

"இல்ல. இது பெறக்கும்போதே உள்ளது. அந்தச் சூடும் அதிர்வும் உடம்புக்கு சுகமாயிருந்திருக்கும். அதான் ஒறங்கியிருக்கு."

ஒரு வாரம் போயிற்று. ஒரு நாள் காலையில் என் கணவர் பல் விளக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "எனக்க வண்டிதானா?"

"இல்லன்னு டாக்டர் சொன்னாங்க இல்லியா?"

"நீ அங்க கேட்டது எனக்கு தெரியும். நீ கேட்டதுனாலதான் கேக்கேன்."

நான் இல்லை என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். சாயந்திரம் ஆனபோது எனக்கே உறுதி இல்லை. பிறவிக் குறைதான், சரி. ஆனால் வண்டியில் போகாமல் வீட்டில் தொட்டிலில் போட்டிருந்தால், ஒரு பாத்திரம் உருண்டாலும் உறங்குகிறாளே என்று ஆறு மாதத்திலேயே பயந்திருப்பேன் இல்லையா? அவள் சத்தத்தில் உறங்கியதை எங்கள் பெருமையாக வைத்துக்கொண்டதால் அல்லவா இரண்டு வருடம் போயிற்று? வேறு எந்த வீட்டிலும் இது அடையாளமாகத் தெரிந்திருக்கும். லாரிக்காரன் வீட்டில் மட்டும்தான் அது அருளாகத் தெரிந்தது.

மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் தொங்குகிற தோல்நிறத் துண்டு, காதுக்குள் நுழைகிற மெழுகு போன்ற ஒரு அச்சு. பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: விழித்திருக்கும் நேரம் முழுவதும் காதில் இருக்கவேண்டும், கழற்றி வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவள் இழக்கிற பேச்சு. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்கு மாட்டினேன், எத்தனை மணிக்குக் கழற்றினேன்.

மெஷினோடு அவளை முதல் முறை லாரியில் ஏற்றியபோது, அவர் சாவியைத் திருப்பியதும் அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். எஞ்சினை ஒரு மிருகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அலறினாள். அவள் உறங்கின கம்பளி இன்னும் பேனட் மேல்தான் கிடந்தது. "எறக்கிரு" என்றார் அவர். நான் அவளோடு இறங்கினேன். அதிலிருந்து அவர் தனியாகத்தான் மலை ஏறினார்.

அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு நாள் அவர், "ஒரு கை வேணும், வா" என்றார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். உரம் லோடு. கோவிலில் வெடி போட்டு, தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, அவர் சட்டைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். அதற்கு மேல் துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினார். நான் என்னவென்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. முதல் கியரைப் போடவில்லை, இரண்டாவதில் எடுத்தார். மகளைப்போலக் கேட்காமல் ஏறிப் பார்க்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே சாவியைப் பிடுங்கியிருக்கவேண்டும். செய்யவில்லை. அவர் அதைச் செய்து பார்க்கட்டும் என்று என்னில் ஒரு பாதி விரும்பியது.

இரண்டாவது வளைவில் எஞ்சின் சத்தம் இறங்கியது. எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. நான் அவர் தோளில் அடித்தேன். அதற்குள் வண்டி திணறிக் குலுங்கியது. அவர் முதல் கியருக்கு மாற்றப் பார்த்தார், பல் சேராமல் கரகரவென்று அரைத்தது. வண்டி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தும் நகர்ந்தது. நான் கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தேன். எத்தனையோ நாள் காலால் துழாவிப் பார்த்த கட்டையை முதல் முறையாகக் கையில் எடுத்தது அன்றுதான். பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். மொத்தப் பாரமும் அதன்மேல் வந்து சாய்ந்து, மரம் ஒரு முறை முனகிவிட்டு நின்றது.

கேபினுக்குத் திரும்பினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "ஒண்ணும் தெரியல்லட்டி!" என்றார். காதில் பஞ்சு இருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியவில்லை. காடு முழுவதும் கேட்கிற குரலில் கத்தினார். "ஒண்ணுமே தெரியல்ல! எங்க இருக்கேன்னே தெரியல்ல!"

நான் துண்டை அவிழ்த்துப் பஞ்சை எடுத்தேன். அவர் வெகு நேரம் பேனட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இன்னொரு லாரி வந்து ஹாரன் அடித்தது.

அவளுக்கு ஐந்து வயது முடிந்தபோது திருநெல்வேலிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். நான் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டேன், கடிதம் வந்ததும் வேண்டாம் என்றேன், மறுபடியும் வேண்டும் என்றேன். அவள் அப்போது பத்துப் பன்னிரண்டு சொற்கள் சொல்வாள். அவற்றை நானும் அவரும் மாமியாரும் மட்டுமே சொற்கள் என்று அறிவோம். கடைசியில் போவது என்று ஆயிற்று. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர், "ஒரு தடவ அவள மலைக்கு கொண்டு போவோம்" என்றார்.

"மெஷின் இருக்கே. அழுவா."

"தெரியும்" என்றார்.

கோவில் வரை என் மடியில் முகத்தை அழுத்திக்கொண்டு வந்தாள். அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெடி போடும் நேரம் மெஷினை அணைத்திருக்கவேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. அவளை விடுதியில் யார் தலை வாரி விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெடித்தது. அவள் துள்ளி விழுந்து வீறிட்டாள். அந்த மரத்தடியில், அந்த வெடிக்கு, முதல் முறையாக.

"கேட்டுட்டு! வேய், பிள்ளைக்கு கேட்டுட்டு!" என்று வெடிக்காரர் கம்பை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு உண்மையான சந்தோஷம். "சாமி காது குடுத்துட்டான்!" எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறியதும் அவளே மெஷினைக் கழற்றினாள். எறியவில்லை. என் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு பேனட்டில் ஏறி, கம்பளியை விலக்கிவிட்டு, வெறும் தகட்டில் கன்னத்தை வைத்துப் படுத்தாள்.

அவர் எஞ்சினைப் போட்டார். கியரில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "இப்பமே சொல்லு. மாட்டுகதுன்னா இங்க வச்சு மாட்டு. ஏற தொடங்குனா பெறவு நடுவுல முடியாது."

விழித்திருக்கும் நேரம் முழுவதும். கழற்றி வைக்கிற ஒவ்வொரு மணி நேரமும். அவள் கண்கள் திறந்தே இருந்தன.

"போங்க" என்றேன்.

முதல் கியர். கரும்புகை இல்லை. அவர் ஒரு இழை மிதித்தார், ஒரு இழை விட்டார். ஒவ்வொரு வளைவிலும், அவர் மிதிப்பதற்குச் சற்று முன்னால் அவளுடைய விரல்கள் தகட்டில் அசைந்தன. அவரும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. நான்காவது வளைவில் அவள் கண்கள் செருகின. நான் கையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தச் சொல்லலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன்.

மேலே, எஸ்டேட் வாசலில், அவர் எஞ்சினை அணைத்தார். எப்போதும்போல மலை திடீரென்று வெறுமையானது. அந்த அமைதியில் மெல்லிய ஒரு விசில் கேட்டது, கொசு போல, விடாமல்.

"என்னட்டி சத்தம் அது?" என்றார் அவர்.

என் மூடிய கைக்குள்ளிருந்துதான் வந்தது. மெஷினை அணைக்க மறந்திருந்தேன். கைக்குள் அடைபட்டால் அது தன் சத்தத்தையே தான் கேட்டு அப்படி விசிலடிக்கும். ஏற்றம் முழுவதும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது, எஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

அதிர்வு நின்றதும் அவள் விழித்துவிட்டாள். நான் அவள் தலையை மடியில் சாய்த்து, மெஷினைக் காதில் வைத்து அழுத்தினேன். பொருந்தியதும் விசில் நின்றது. அவள் கையை நீட்டிப் பேனட்டைத் தடவிப் பார்த்தாள். சூடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. என்ன ஆயிற்று என்று என் முகத்தைப் பார்த்தாள்.